யாரை முதலில் அஞ்சுவது? 1933–1939 ஐரோப்பிய ராஜதந்திரமும் சித்தாந்தங்களும்

1939 ஆகஸ்ட் 23 இரவு, மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகையில் நாஜி ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருவர்மீது ஒருவர் போர் தொடுப்பதில்லை என்பது உலகத்துக்குச் சொன்ன சேதி. கிழக்கு ஐரோப்பாவை இருவரும் பங்கு பிரித்துக்கொண்ட ரகசிய இணைப்பு சொல்லாத சேதி. கையெழுத்தானதும் ஸ்டாலின் ஹிட்லரின் நலம் வாழ்த்தி மதுக்கோப்பையை உயர்த்தினார். கம்யூனிசத்துக்கு எதிராக 1936இல் ஜெர்மனியும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘அதில் ஸ்டாலினே சேர்ந்துவிடுவார் போலிருக்கிறது’ என்று பெர்லின்காரர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதாக ரிப்பன்ட்ராப் சொன்னார். ஜெர்மன் தரப்பின் உரையாடல் குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. ஒன்பதாம் நாள் காலை ஜெர்மன் படைகள் போலந்துக்குள் நுழைந்தன.

ஆறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் மனிதகுலத்தின் பகைவர் என்று ஏசிக்கொண்டிருந்த இரு அரசுகள் ஒரே இரவில் கைகுலுக்க முடியுமென்றால், சித்தாந்தம் என்பது வெறும் மேடைப்பேச்சுதானா? அப்படியென்றால், ஹிட்லர் ஒரு வாரத்துக்குள் மாஸ்கோவில் முடித்த காரியத்தை, நான்கு மாதம் பேசியும் பிரிட்டனாலும் பிரான்ஸாலும் ஏன் முடிக்க இயலவில்லை? இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ராஜதந்திரத்தை ஆராயும் எவரும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்லியாக வேண்டும்.

நான்கு விளக்கங்கள்

முதல் விளக்கம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது. 1940 ஜூலையில் மூன்று பத்திரிகையாளர்கள் ‘கேட்டோ’ என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘கில்ட்டி மென்’ என்ற சிறுநூல், பிரிட்டிஷ் முன்னாள் பிரதமர் சேம்பர்லினையும் அவரது சகாக்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஹிட்லரைத் தாஜா செய்ய முனைந்த கோழைகளால் போர் வந்தது என்பது அதன் வாதம். 1948இல் சர்ச்சில் எழுதிய போர் வரலாற்றின் முதல் தொகுதி அதே தீர்ப்புக்குக் கம்பீரமான நடையைக் கொடுத்தது.

1961இல் ஏ.ஜே.பி. டெய்லர் இதைத் தலைகீழாக்கினார். வெளியுறவைப் பொறுத்தவரை ஹிட்லர் வழக்கமான ஜெர்மன் அரசியல்வாதியே. அவரிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. பிறர் செய்த தவறுகளைப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான் என்றார். ஹியூ ட்ரெவர்-ரோப்பர் போன்றோர் கொதித்தெழுந்தார்கள். ஹிட்லர் தன் நோக்கத்தை எழுதியே வைத்திருந்தாரே என்பது அவர்கள் கேள்வி.

பிரிட்டிஷ் அரசு ஆவணங்களை மூடிவைக்கும் காலம் ஐம்பது ஆண்டிலிருந்து முப்பதாகக் குறைக்கப்பட்டதும் மூன்றாவது விளக்கம் வந்தது. அமைச்சரவைத் தாள்களைப் புரட்டிய ஆய்வாளர்கள், சேம்பர்லின் கோழையல்ல, கணக்குப் பார்த்தவர் என்றார்கள். கஜானா காலி; படை போதாது; பேரரசோ உலகம் முழுக்கப் பரந்து கிடந்தது. நான்காவது விளக்கம் சோவியத் ஆவணங்களையும் சேர்த்துப் படித்தவர்களுடையது. மைக்கேல் ஜபரா கார்லி போன்றோர், மேற்கத்திய ஆளும் வர்க்கத்தின் கம்யூனிச வெறுப்பே கூட்டணியைக் கெடுத்தது என்கிறார்கள்.

நான்கிலும் உண்மை உண்டு. எதுவும் தனித்து நிற்பதில்லை. சித்தாந்தம் யார் யாரோடு கூட்டுச் சேரலாம் என்பதைத் தீர்மானிக்கவில்லை. யாரை முதலில் அஞ்ச வேண்டும், யாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையை அது ஒவ்வொரு தலைநகரிலும் வகுத்துக் கொடுத்தது. அந்த வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஹிட்லர் புகுந்து புறப்பட்டது அந்த இடைவெளிகளில்தான்.

வெர்சேல்ஸின் எச்சம்

1919 வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேராகக் குறைத்தது. ரைன்லாந்தில் படை நிறுத்தக் கூடாது என்றது. போர்ப் பழியை ஜெர்மனியின் தலையில் சுமத்தியது. 1921இல் இழப்பீடு 132 பில்லியன் தங்க மார்க் என நிர்ணயமானது. உடன்படிக்கையைக் காக்க வேண்டிய அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. புதிதாகப் பிறந்த சோவியத் அரசு அழைக்கப்படவே இல்லை.

ஒதுக்கப்பட்ட ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் 1922இல் ரப்பல்லோவில் கைகோத்தன. வெர்சேல்ஸ் தடை செய்த விமானப் பயிற்சியை ஜெர்மன் ராணுவம் ரஷ்யாவின் லிப்பெட்ஸ்க்கிலும், டாங்கிப் பயிற்சியைக் கஸானுக்கு அருகிலும் ரகசியமாக நடத்தியது. தன் நாட்டுக் கம்யூனிஸ்டுகளைச் சுட்டுத்தள்ளிய ராணுவம் அது. 1939 வானத்திலிருந்து குதித்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

1925 லோகார்னோ ஒப்பந்தங்கள் ஜெர்மனியின் மேற்கு எல்லைகளுக்கு உத்தரவாதம் தந்தன. கிழக்கு எல்லைகளுக்குத் தரவில்லை. போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் அப்போதே கவலைப்படத் தொடங்கின. ஐரோப்பாவில் முதல் தர எல்லை, இரண்டாம் தர எல்லை என்ற பாகுபாடு ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே எழுத்தில் ஏறிவிட்டது.

ஹிட்லரின் பட்டியல்

1933 ஜனவரி 30இல் பிரதமரான ஹிட்லர், மற்றவர்களிடமிருந்து ஒரு வகையில் வேறுபட்டார். மற்ற அரசுகளிடம் இருந்தது அச்சங்களின் வரிசை. அவரிடம் இருந்தது ஆசைகளின் பட்டியல். கிழக்கே ஜெர்மன் இனத்துக்கு நிலம் வேண்டும், போல்ஷெவிசமும் யூதர்களும் ஒன்றே, இருவரையும் ஒழிக்க வேண்டும் என்ற வெறி அவர் எழுத்தில் 1920களிலிருந்தே இருக்கிறது. 1937 நவம்பர் 5இல் தளபதிகளைக் கூட்டிவைத்து, ஆஸ்திரியாவையும் செக்கோஸ்லோவாகியாவையும் பலத்தால் பிடிப்பது பற்றிப் பேசியதைக் கர்னல் ஹோஸ்பாக் குறித்துவைத்தார். அந்தப் பேச்சில் தேதிகள் நெகிழ்வாகவே இருந்தன. டெய்லர் அந்த நெகிழ்வைக் கண்டு திட்டமே இல்லை என்றார். போகும் இடம் நிச்சயம், போகும் வழி சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்பதே பொருத்தமான வாசிப்பு.

அதனால்தான் 1934 ஜனவரியில், ஜெர்மானியர்கள் பொதுவாக வெறுத்த போலந்தோடு அவரால் போர்தொடா ஒப்பந்தம் செய்ய முடிந்தது. அந்த ஒரு கையெழுத்தால், ஜெர்மனியைச் சுற்றி பிரான்ஸ் கட்டியிருந்த கூட்டணி வளையம் ஆட்டம் கண்டது.

கொள்கை ஒன்றாக இருந்தால் கூட்டும் தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு இத்தாலி நேர் மறுப்பு. 1934 ஜூலையில் ஆஸ்திரிய நாஜிகள் பிரதமர் டோல்ஃபுஸைக் கொன்றபோது, எல்லைக்குப் படை அனுப்பி ஹிட்லரை மிரட்டியவர் பாசிசத்தின் தந்தை முசோலினிதான். 1935 ஏப்ரலில் ஸ்ட்ரெஸாவில் பிரிட்டனோடும் பிரான்ஸோடும் சேர்ந்து ஜெர்மன் ஆயுதப் பெருக்கத்தைக் கண்டித்ததும் அவரே. அந்த முன்னணி இரண்டு மாதம்தான் தாங்கியது. ஜூன் 18இல், பிரான்ஸைக் கேட்காமலேயே, பிரிட்டன் தன் கடற்படையில் 35 சதவீதம் அளவுக்கு ஜெர்மனி கப்பல் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டது. அன்று வாட்டர்லூ போரின் 120ஆவது ஆண்டு நிறைவு நாள். பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கவனிக்காமல் இல்லை.

அக்டோபரில் முசோலினி அபிசீனியாவைத் தாக்கினார். பன்னாட்டுச் சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. ஆனால் எண்ணெயைத் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. ஒருபக்கம் தடை, மறுபக்கம் அபிசீனியாவின் பெரும்பகுதியை இத்தாலிக்கே விட்டுக்கொடுக்கும் ஹோர்–லாவல் பேரம். பேரம் பத்திரிகையில் அம்பலமானதும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சாமுவேல் ஹோர் பதவி விலகினார். முசோலினியையும் பகைத்துக்கொண்டார்கள், அபிசீனியாவையும் காக்கவில்லை. இத்தாலி ஜெர்மனியின் பக்கம் சாய்ந்தது.

ஸ்பெயின்: வெளிப்பகையும் உட்பகையும்

1936 மார்ச் 7இல் ஜெர்மன் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. பிரான்ஸும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை அப்போதுதான் அங்கீகரித்திருந்தது. ஹிட்லர் அதையே சாக்காகச் சொன்னார். பிரான்ஸில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரும் படை திரட்டாமல் எதிர்க்க முடியாது என்று தளபதி காம்லேன் கையை விரித்தார். லண்டனில் பலருக்கு, ஜெர்மானியர் தம் கொல்லைப்புறத்துக்குள் நுழைந்ததில் என்ன தவறு என்றே தோன்றியது.

ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சித்தாந்தம் எப்படி அச்சத்தின் வரிசையை மாற்றுகிறது என்பதை இங்கேதான் கூர்ந்து பார்க்கலாம். பிரான்ஸில் சோஷலிஸ்டான லியோன் ப்ளூம் பிரதமர். மாட்ரிட்டில் இருந்ததும் இடதுசாரி மக்கள் முன்னணி அரசு. அதற்கு ஆயுதம் அனுப்பவே ப்ளூம் முதலில் நினைத்தார். அனுப்பினால் பிரான்ஸிலேயே உள்நாட்டுப் போர் மூளும் என்று அஞ்சிப் பின்வாங்கினார். அந்த அச்சம் கற்பனையல்ல. ‘ப்ளூமைவிட ஹிட்லர் மேல்’ என்ற பேச்சு பிரெஞ்சு வலதுசாரிகளிடையே சகஜமாகப் புழங்கிய காலம் அது. ஒரு தலைமுறைக்கு முன் ஜெர்மனியை முதல் பகையாகக் கண்ட அதே வட்டாரங்களுக்கு, இப்போது சொந்த ஊர்த் தொழிற்சங்கம் முதல் பகையாகிவிட்டது.

லண்டனில் ‘தலையிடாமைக் குழு’ ஒன்று கூடிக்கொண்டே இருந்தது. 27 நாடுகள் சேர்ந்திருந்தன. ஜெர்மனி, இத்தாலி, சோவியத் யூனியன் மூன்றும் அதன் உறுப்பினர்கள். மூன்றுமே ஸ்பெயினுக்கு ஆயுதமும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தன. இத்தாலி மட்டும் 70,000 பேருக்கு மேல் அனுப்பியது. ஜெர்மனியின் காண்டோர் படையணி 1937 ஏப்ரல் 26இல் கெர்னிக்காவைக் குண்டுவீசி எரித்தது. மேற்கு நாடுகளின் வாக்கு எவ்வளவு பெறும் என்பதை ஸ்டாலினும் ஹிட்லரும் இங்கே எடைபோட்டுக்கொண்டார்கள்.

மியூனிக்: கணக்கும் கண்மூடலும்

சேம்பர்லினுக்கு நியாயம் செய்வதென்றால், அவர் மேசைமீது இருந்த தாள்களைப் பார்க்க வேண்டும். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்க்க முடியாது, பகைவர் எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று 1937இன் இறுதியில் முப்படைத் தளபதிகள் எழுதிக் கொடுத்தார்கள். செக்கோஸ்லோவாகியாவுக்காகப் போருக்கு வர கனடா, ஆஸ்திரேலியா போன்ற டொமினியன்கள் தயாராக இல்லை. 1938 செப்டம்பரில் லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். நாடு முழுக்க சுமார் 3 கோடியே 80 லட்சம் விஷவாயு முகமூடிகள் விநியோகமாயின. விமானக் குண்டுவீச்சில் நகரங்கள் சாம்பலாகும் என்ற பீதி எல்லாக் கட்சிகளுக்கும் பொது.

போரே முதல் அச்சம், போல்ஷெவிசம் இரண்டாவது, ஹிட்லர் மூன்றாவது. சேம்பர்லினின் வரிசை அநேகமாக இதுதான். தனக்கென்று சித்தாந்தம் எதுவும் இல்லை, தான் நடைமுறை மனிதர் என்று அவர் நம்பினார். ஹிட்லரும் அடிப்படையில் அப்படித்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டார். குறை தீர்த்தால் கோபம் தணியும் என்பது பர்மிங்காம் வணிகக் குடும்பத்தின் கணக்கு. சுடட்டன் பகுதியில் வாழ்ந்த சுமார் 30 லட்சம் ஜெர்மானியரின் குறை ஹிட்லருக்கு வெறும் நெம்புகோல் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

1938 செப்டம்பர் 15இல் பெர்ஹ்டஸ்காடன், 22இல் கோடஸ்பர்க், 29இல் மியூனிக் என்று 69 வயதில் மூன்று முறை அவர் ஜெர்மனிக்குப் பறந்தார். மியூனிக்கில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் தலாடியே நால்வரும் உட்கார்ந்து செக்கோஸ்லோவாகியாவின் எல்லையை வெட்டினார்கள். அந்நாட்டுப் பிரதிநிதிகளான மஸ்த்னியும் மஸார்ஷிக்கும் ஓட்டல் அறையில் காத்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டிய பிறகு அவர்களைக் கூப்பிட்டு, முடிந்துபோன தீர்ப்பைக் கையில் கொடுத்தார்கள். பதில் எதுவும் தேவையில்லை என்று பிரெஞ்சுத் தரப்பு தெரிவித்துவிட்டது. செக் கோட்டை அரண்களில் பெரும்பாலானவை விட்டுக்கொடுத்த மலைப்பகுதியில் இருந்தன.

மாஸ்கோ அழைக்கப்படவில்லை. 1935 ஒப்பந்தப்படி, பிரான்ஸ் முதலில் உதவினால் சோவியத் யூனியனும் செக்கோஸ்லோவாகியாவுக்கு உதவ வேண்டும். உண்மையில் உதவியிருக்குமா என்பது இன்றும் தீராத விவாதம். இரு நாடுகளுக்கும் பொது எல்லைகூட இல்லை. ஆனால், ஐரோப்பாவின் தலைவிதியைப் பேசும் மேசையில் தனக்கு நாற்காலி இல்லை என்பதை ஸ்டாலின் கண்டுகொண்டார். போலந்து என்ன செய்தது? செக்கோஸ்லோவாகியாவின் டெஷின் பகுதியைத் தனக்கென்று பறித்துக்கொண்டது. அடுத்த பலி தானே என்பதை அன்றைய வார்சா எண்ணிப் பார்க்கவில்லை.

மாஸ்கோவில் ஓர் ஆகஸ்ட்

1939 மார்ச் 15இல் ஹிட்லர் பிராகுக்குள் நுழைந்தார். ஜெர்மானியர் அல்லாத மக்களையும் விழுங்குகிறார் என்பது இனி மறைக்க முடியாத உண்மை. சேம்பர்லினின் வரிசை பாதி மாறியது: ஹிட்லர் முதலிடத்துக்கு ஏறினார், ஆனால் ரஷ்யாமீதான அவநம்பிக்கை இறங்கவில்லை. மார்ச் 31இல் போலந்துக்கு உத்தரவாதம் கொடுத்தார். சில நாள் முன்பு சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், ரஷ்யாவைத் துளியும் நம்ப முடியவில்லை என்று கொட்டியிருந்தார். போலந்துக்குப் படை உதவி செய்யக்கூடிய ஒரே வல்லரசு ரஷ்யாதான் என்பதே இதில் உள்ள சிக்கல்.

ஏப்ரல் 17இல் சோவியத் வெளியுறவு அமைச்சர் லிட்வினோவ் முத்தரப்புக் கூட்டணியை முன்மொழிந்தார். லண்டனின் பதில் போய்ச் சேர்வதற்குள், மே 3இல் அவர் பதவி இழந்தார். ஜூனில் பேச்சுக்கு பிரிட்டன் அனுப்பியது அமைச்சரை அல்ல, வில்லியம் ஸ்ட்ராங் என்ற அதிகாரியை. போகத் தயார் என்று முன்வந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஈடனைச் சேம்பர்லின் அனுப்பவில்லை.

ராணுவக் குழு ஆகஸ்ட் 5இல் புறப்பட்டது, விமானத்தில் அல்ல, ‘சிட்டி ஆஃப் எக்ஸிட்டர்’ என்ற மெதுவான கப்பலில். மாஸ்கோ சேர 11ஆம் தேதி ஆகிவிட்டது. மறுநாள் முதல் அமர்விலேயே மார்ஷல் வொரோஷிலோவ் அதிகாரப் பத்திரத்தைக் கேட்டார். பிரெஞ்சு ஜெனரல் டூமென்க்கிடம் இருந்தது; பிரிட்டிஷ் அட்மிரல் ட்ராக்ஸிடம் இல்லை. அரசியல் உடன்பாடு வரும்வரை மிக மெதுவாகப் பேசுங்கள் என்பதே அவருக்கிருந்த உத்தரவு. 14ஆம் தேதி வொரோஷிலோவ் நேரடியாகக் கேட்டார்: ஜெர்மனியை எதிர்க்கச் செஞ்சேனை போலந்து, ருமேனியா வழியே செல்ல அந்நாடுகள் அனுமதிக்குமா? பதில் சொல்ல இருவராலும் முடியவில்லை.

அந்தப் பதில் வார்சாவில் இருந்தது. அங்கே பிடிவாதமான மறுப்புதான். 1920இல் செஞ்சேனை வார்சா வாசல்வரை வந்ததை மறக்காத தலைமுறை அது. உள்ளே வரும் ரஷ்யன் வெளியே போகமாட்டான் என்று போலந்துத் தலைவர்கள் நினைத்தார்கள். 1944க்குப் பின் நடந்ததைப் பார்த்தால், அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. செஞ்சேனையின் பலத்தைப் பிரிட்டிஷ் தளபதிகள் ஐயுற்றதிலும் காரணம் இருந்தது: ஐந்து மார்ஷல்களில் மூவரை ஸ்டாலினே ஒழித்துக்கட்டியிருந்தார்.

ஸ்டாலினின் வரிசை வேறு. முதலாளித்துவ நாடுகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து தன்மீது பாயும் என்பது போல்ஷெவிக்குகளின் பிறவி அச்சம். மியூனிக் அதை உறுதிசெய்ததாக அவர் எடுத்துக்கொண்டார். தூரக்கிழக்கில் கல்கின் கோல் ஆற்றங்கரையில் அவர் படை ஜப்பானோடு பொருதிக்கொண்டிருந்தது. பிரிட்டன் தந்தது உடனே போர்புரியும் கடமை. ஹிட்லர் தந்தது போரிலிருந்து விலகியிருக்கும் சலுகையும் கூடவே நிலமும். ஆகஸ்ட் 20இல் ஹிட்லர் தந்தி அனுப்பினார். 23இல் வேலை முடிந்தது. பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, பெசராபியா, போலந்தின் கிழக்குப் பாதி ஆகியவை சோவியத் பங்குக்குப் போயின. இந்த ரகசிய இணைப்பு உண்டென்று மாஸ்கோ ஒப்புக்கொள்ள 1989 டிசம்பர்வரை ஆயிற்று. கம்யூனிச எதிர்ப்புக் கூட்டாளி காலை வாரிவிட்ட அதிர்ச்சியில் டோக்கியோவில் ஹிரானுமா அமைச்சரவை ஒரு வாரத்தில் கவிழ்ந்தது.

1941 வைத்த பரீட்சை

கம்யூனிச வெறுப்பு மட்டுமே கூட்டணியைக் கெடுத்தது என்றால், சர்ச்சிலை எங்கே வைப்பது? 1919இல் போல்ஷெவிக் ஆட்சியை முளையிலேயே நசுக்கப் படை அனுப்பத் துடித்தவர் அவர். 1939 கோடையில் நாடாளுமன்றத்தில் சோவியத் கூட்டணிக்காக உரக்க வாதிட்டவரும் அவரே. வெறுப்பு குறையவில்லை, வரிசை மாறியிருந்தது. 1941 ஜூன் 22இல் ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கியபோது, அன்றிரவே வானொலியில் ஆதரவு அறிவித்தார். ஜூலை 12இல் பிரிட்டனும் சோவியத் யூனியனும் உடன்பாடு செய்தன. ஜூலை 30இல் நாடு கடந்த போலந்து அரசே, தன் நாட்டைப் பங்கு போட்ட மாஸ்கோவோடு கையெழுத்திட்டது. ஒருவரும் தம் கொள்கையை விட்டுவிடவில்லை. அனைவர் வரிசையிலும் முதல் பெயர் ஒன்றாகிவிட்டது, அவ்வளவே. 1939இல் நான்கு மாதத்தில் முடியாதது 1941இல் மூன்று வாரத்தில் முடிந்தது.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1939இல் கூட்டணி அமைந்திருந்தால் போரே வந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஹிட்லர் போரை விரும்பினார்; கூட்டணியால் போரின் காலமும் களமும் மாறியிருக்கலாம். ஆனால், போலந்து இரு புறமும் தாக்கப்பட்டு ஐந்து வாரத்தில் வீழ்ந்ததும், பிரான்ஸ்மீது ஹிட்லரால் ஏறத்தாழ தன் முழுப் படையையும் திருப்ப முடிந்ததும் அந்த ஆகஸ்டின் விளைவுகள்.

வரிசை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதல்ல. 1936இல் ரோம் வழியாகத் திரும்பியபோது முசோலினியைச் சந்திக்க மறுத்தவர் நேரு. பாசிச எதிர்ப்பில் சேம்பர்லினைவிட முந்தியவர்களே காங்கிரஸில் இருந்தார்கள். ஆனாலும் 1939 செப்டம்பர் 3இல் வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கியபோது, சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. அடிமை நாட்டின் வரிசையில் பேரரசுதான் முதலில் நின்றது. மாஸ்கோ ஒப்பந்தத்தின் அலை இந்தியக் கம்யூனிஸ்டுகளையும் தொட்டது: ‘ஏகாதிபத்தியப் போர்’ என்று எதிர்த்துச் சிறை சென்றவர்கள், 1941 இறுதியில் ‘மக்கள் யுத்தம்’ என்று ஆதரித்து, 1942இல் தடை நீங்கி வெளியே வந்தார்கள்.

விடையை நகலெடுத்தவர்கள்

போருக்குப் பின் மியூனிக் ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. எந்தச் சர்வாதிகாரியோடும் பேசாதே, முதலிலேயே அடி என்பதே அதன் பாடமாகப் பரவியது. 1938இல் சேம்பர்லினோடு முரண்பட்டுப் பதவி விலகிய அதே ஈடன், 1956இல் பிரதமராக இருந்தபோது எகிப்தின் நாசரை முசோலினியின் இடத்தில் வைத்துப் பார்த்தார். பிரெஞ்சுப் பிரதமர் கீ மொல்லேவுக்கு நாசர் எழுதிய நூலில் ஹிட்லரின் நூல் தெரிந்தது. சூயஸில் படை இறக்கி, அமெரிக்காவின் நெருக்குதலால் அவமானப்பட்டுத் திரும்பினார்கள். வியட்நாமில் போரை விரிவாக்கிய அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனும் மியூனிக்கைத்தான் மேற்கோள் காட்டினார்.

சேம்பர்லின் பேசியது தவறல்ல. எல்லா அரசுகளும் பேசத்தான் செய்தன. எதிரே இருப்பவர் தன்னைப் போலவே அஞ்சுவார் என்று எடுத்துக்கொண்டதும், தன் அச்சங்களின் வரிசை இயற்கையானது, அது தன் வர்க்கமும் கட்சியும் கொடுத்ததல்ல என்று நம்பியதுமே தவறுகள். சித்தாந்தம் பிறரிடம் மட்டுமே இருக்கிறது என்று எண்ணும் ராஜதந்திரிக்குத் தன் கணக்கின் முதல் வரியே கண்ணில் படுவதில்லை. 1938ஐக் குற்றம்சாட்டிக்கொண்டே 1956இல் ஈடன் செய்ததும் அதே தவறுதான். அவர் மாற்றியது விடையை. கணக்குப் போடும் முறையை அல்ல.